ராமனின் காது

சாயங்காலம் ஆறு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டுல நின்னிருக்கீங்களா? ஒரு பக்கம் இன்ஜின் ஆஃப் பண்ணாம நிக்கிற பெங்களூர் பஸ். இன்னொரு பக்கம் ஏர் ஹாரன். ஷிஃப்ட் முடிஞ்சு சிப்காட்லேருந்து வர்ற கூட்டம் தமிழ், கன்னடம், தெலுங்குன்னு மூணு மொழியில ஒரே நேரத்துல பேசிட்டு இருக்கும். அதுக்கு நடுவுல இருபதடி தள்ளி ஒரு கண்டக்டர் கிருஷ்ணகிரீ... கிரீ... கிரீன்னு இழுப்பார். உங்களுக்கு அது தெளிவா கேட்கும். உங்க போன் மைக்ல அதையே ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க, பெரும்பாலும் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

கண்டக்டர் ஏன் அந்த 'கிரீ'யை மட்டும் இழுக்கிறார்? யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கல. ஆனா அவர் செய்றது ரொம்பச் சரி. அது ஏன் சரின்னு தேடிப் போனப்போதான் நான் சி.வி. ராமன்கிட்ட போய் நின்னேன். ஆமா, அதே ராமன்தான். பிப்ரவரி 28 அன்னிக்கு நம்ம காலேஜ் சிம்போசியம் பேனர்ல தலைப்பாகையோட இருப்பாரே, அவர்.

நமக்கு அவரைப் பத்தி என்ன தெரியும்? ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு, கடல் ஏன் நீலம். அவ்வளவுதான். ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ்ல ரெண்டு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனா நோபல் வாங்கித் தந்த ஒளிக்கு முன்னாடி, பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர் அதிகமாக உழைச்சது ஒலியில். வயலின், வீணை, தம்பூரா, தபலா, மிருதங்கம். அந்த ராமனைப் பத்திதான் இந்தக் கட்டுரை. (எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான். பிழை இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டாதீங்க.)

ராமன் 1888 நவம்பர் 7-ஆம் தேதி திருச்சி பக்கத்துல திருவானைக்காவல்ல பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர், வீட்டில் வயலின் வாசிப்பவர். அம்மா பார்வதி அம்மாள். ராமனுக்கு மூணு நாலு வயசு இருக்கும்போதே குடும்பம் விசாகப்பட்டினத்துக்கு மாறிடுச்சு. பையன் பதினோரு வயசுல மெட்ரிகுலேஷன் முடிச்சார், அப்புறம் சென்னை பிரசிடென்சி காலேஜ் வந்து சேர்ந்தார். 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. நடுவில் 1906-ல், பதினெட்டு வயசுல, லண்டன் ஃபிலசாஃபிகல் மேகசீன்ல அவரோட முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. நாம பதினெட்டு வயசுல என்ஜினியரிங் கவுன்சிலிங் க்யூவுல நின்னோம். சரி, அதை விடுங்க.

அந்த வயசுல அவர் படிச்ச புத்தகங்கள்ல ஒண்ணு ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதினது. காது எப்படிச் சுரத்தை உணருதுன்னு விளக்குற பெரிய புத்தகம். தன் வாழ்க்கையைத் திருப்பின மூணு புத்தகங்கள்ல அது ஒண்ணுன்னு ராமன் பின்னாடி சொல்லியிருக்கார். வீட்டில் அப்பாவோட வயலின், கையில் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அப்புறம் 1907-ல் கல்யாணம். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். இந்த மனுஷன் ஒலிப் பக்கம் போகாம இருந்திருந்தாத்தான் ஆச்சரியம்.

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போக உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அந்தக் காலத்துல இங்கேயே ஆராய்ச்சியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அதனால நிதித்துறைப் பரீட்சை எழுதினார், முதலிடம் வந்தார், கல்கத்தாவில் கணக்காயர் அலுவலகத்துல உதவித் தலைவரா உட்கார்ந்தார். வயசு பத்தொன்பது கூட ஆகல. நல்ல சம்பளம், கௌரவமான வேலை. நம்ம வீடுகள்ல இதோட கதை முடிஞ்சிருக்கும்.

ஒருநாள் டிராம்ல போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு போர்டு கண்ணில் பட்டது: இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் டே, அங்கேயே பணியாளர். உள்ளே கருவிகள் தூசி படிஞ்சு கிடந்தன, பயன்படுத்த ஆள் இல்ல. ராமன் அந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டார். விடியற்காலை அஞ்சரை மணிக்கு லேப், பத்து மணிக்கு ஆபீஸ், சாயங்காலம் மறுபடி லேப், ராத்திரி ஒன்பதரை பத்துக்கு வீடு. நடுவில் ரங்கூன், நாக்பூர்னு மாற்றல் வந்தது. அங்கே வீட்டுக்குள்ளேயே சின்ன லேப் வெச்சுக்கிட்டார். இப்படி பத்து வருஷம். கதவைத் திறந்த ஆசுதோஷ் டேயும் கருவிகளோடு பழகிப் பழகி, ராமனோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரையில் பேர் வர்ற அளவுக்கு வளர்ந்தார். எனக்கு நோபலை விட இந்த விஷயம் பிடிச்சிருக்கு.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்துல பாலித் பேராசிரியர் பதவி கிடைச்சதும் அரசு வேலையை விட்டார். சம்பளம் கிட்டத்தட்டப் பாதியாச்சு.

அந்தக் காலத்துல அவர் செஞ்சதெல்லாம் நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வயலின் வாசிக்கும் கை ஒரே சீரா இருக்காது, அதனால அளக்க முடியாது. அதுக்காக வயலினை வாசிக்க ஒரு மெஷினே கட்டினார். வில்லைப் பிடிச்சுக்கிட்டு வயலினை முன்னும் பின்னும் ஓட்டும் மெஷின். தம்பூராவிலும் வீணையிலும் இன்னொரு ஆச்சரியத்தைப் பிடிச்சார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுறோமோ, அந்தப் புள்ளி அசையாம இருக்க வேண்டிய மேல்சுரங்கள் கேட்கக் கூடாதுங்கிறது பழைய விதி. நம்ம தம்பூராவில் அந்த மேல்சுரங்களும் நல்லா கேட்டுச்சு. காரணம், வளைஞ்ச அகலமான குதிரை. தந்தி அதிர அதிர அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுது. விதியைப் படிச்சவர் ஒருத்தர் காதை நம்பினதாலதான் இது கண்ணில் பட்டுச்சுன்னு நான் நினைக்கிறேன். புத்தகத்தை நம்பியிருந்தா, கேட்டதைப் பிரமைன்னு விட்டிருப்பார்.

இப்போ மேளத்துக்கு வருவோம். கட்டுரையின் நடுப்பகுதி இதுதான், போனைக் கீழே வெச்சிடாதீங்க.

ஒரு தந்தி அதிரும்போது ஒரே அதிர்வெண் மட்டும் வராது. 100 ஹெர்ட்ஸ் தந்தின்னா, கூடவே 200, 300, 400, 500-ன்னு சரியான மடங்குகளும் வரும். இதை இசைவுத் தொடர்னு சொல்லலாம். புல்லாங்குழலும் அப்படித்தான், மனுஷக் குரலும் அப்படித்தான். ஆனா இழுத்துக் கட்டின வெறும் தோல் அப்படி இல்ல. ஒரே கனமுள்ள வட்டத் தோலைத் தட்டினா 100-க்கு அப்புறம் 159, 214, 230-ன்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம வரும். அதனாலதான் சாதாரண மேளத்துல தாளம் மட்டும் கேட்கும், சுரம் உட்காராது. மேல்நாட்டு அறிவியல் அதைக் கணக்குப் போட்டு, தோல் வாத்தியம்னாலே சத்தம்தான்னு ஒதுக்கி வெச்சிருந்தது.

ராமனுக்கு இது உறுத்திச்சு. ஏன்னா கச்சேரியில் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கிறாங்க. சுரமே இல்லாத வாத்தியத்தை எதோட சேர்க்கிறது? 1920-ல் சிவகாளி குமாரோடு சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்: இந்திய மேளங்களின் மேல்சுரங்கள் தந்தி மாதிரியே சரியான மடங்குகளா இருக்கு. 

மிருதங்கத்தோட வலந்தலை நடுவில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கே, பார்த்திருப்பீங்க. வாசிக்கிறவங்க அதைச் சாதம்னு சொல்வாங்க. சோற்றையும் கல்லுப்பொடியையும் சேர்த்து அரைச்ச கலவை. அதைக் கொஞ்சம் கொஞ்சமா, பல அடுக்கா, ஒவ்வொரு அடுக்கையும் தேய்ச்சு தேய்ச்சுப் போடுவாங்க. அந்த எடைதான் 159-ஐ 200 பக்கம் இழுக்குது, 214-ஐயும் 230-ஐயும் 300 பக்கம் கொண்டு வருது. ஓரத்தில் இருக்கும் இன்னொரு தோல் வளையம் அதுக்கு மேல வர்ற ஒழுங்கில்லாத அதிர்வுகளை அமுக்கிடுது.

இதை முழுசா நிரூபிச்சது பெங்களூர்ல. 1933-ல் ராமன் இந்திய அறிவியல் கழகத்துக்கு, அதாவது டாடா இன்ஸ்டிட்யூட்டுக்கு, இயக்குநரா வந்தார். அந்தப் பதவியில் முதல் இந்தியர். நம்ம ஊர்லேருந்து சுமார் 50 கிலோமீட்டர், அத்திப்பள்ளி டோல் தாண்டினா ட்ராஃபிக்கைப் பொறுத்து ரெண்டு மணி நேரம். அடுத்த வருஷமே இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கி அதுக்கு ஒரு இதழும் தொடங்கினார். அந்த இதழின் முதல் தொகுதியிலேயே அவர் எழுதின மேளக் கட்டுரை இருக்கு. செய்முறை ரொம்ப எளிமை. தோல் மேல மெல்லிய மணலைத் தூவு. மேளத்தைத் தட்டு. அதிர்ற இடத்துல மணல் துள்ளி ஓடும், அசையாத கோடுகளில் போய்ச் சேரும். விரலை எங்கே வெச்சா எந்தக் கோடு, எந்த அடிக்கு எந்தச் சுரம்னு ஒண்ணொண்ணா படம் எடுத்தார். ஒன்பது விதமான அதிர்வுகள் அஞ்சே அஞ்சு சுரங்களா, ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சுன்னு மடங்குகளா, கூடி நிக்கிறதைக் காட்டினார். அஞ்சாவது சுரத்துக்கு மட்டும் மூணு அதிர்வு ஒண்ணா வந்து சேருது. வாசிப்பவர் நம் அடிக்கும்போது ஒரு விரலைத் தோல் மேல லேசா ஒட்ட வெச்சுக்கிறாரே, அது அடிப்படை அதிர்வை அமுக்கி அடுத்ததை எழுப்புறதுக்கு. 

நமக்கு இன்னிக்கு ஃபைனைட் எலிமென்ட் சாஃப்ட்வேர் இருக்கு. மெஷ் போட்டு, மெட்டீரியல் கொடுத்து, ராத்திரி ரன் போட்டுத் தூங்கலாம். அன்னிக்கு அந்தக் கறுப்பு வட்டத்தைப் போட்ட கைக்கு எந்தச் சமன்பாடும் தெரியாது. ஒரு அடுக்கு போடுவாங்க, தட்டிக் கேட்பாங்க, தேய்ப்பாங்க, மறுபடி தட்டிக் கேட்பாங்க. தோல் வேலை செஞ்சதாலேயே ஊர் ஓரத்துல தள்ளி வைக்கப்பட்டவங்க பல பேர். அவங்க காது தலைமுறை தலைமுறையா தேடிக் கண்டுபிடிச்ச விடைக்குத்தான் ராமன் கணக்கு எழுதினார். ராமனைக் குறைச்சுச் சொல்லல. ரெண்டு பேரும் இல்லாம இந்தக் கதை இல்ல.

சரி, மடங்கா இருந்தா என்ன? காதுக்கு அதுல என்ன லாபம்?

உங்க காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கு, விரிச்சா சுமார் 35 மில்லிமீட்டர். அதுல வரிசையா மயிர்ச்செல்கள். ஒரு முனையில் இருப்பவை கீச்சுச் சத்தத்துக்கு, மறுமுனையில் இருப்பவை கனத்த சத்தத்துக்கு. பஸ் ஸ்டாண்ட் இரைச்சல் இந்தக் குழாய் முழுக்க ஒரே நேரத்துல கலந்தடிச்சு வருது. அதுல கண்டக்டர் குரல் மட்டும் 150, 300, 450, 600-ன்னு சம இடைவெளியில் ஏறுது. மூளை அந்த ஒழுங்கைப் பிடிச்சுக்குது. இதெல்லாம் ஒரே ஆள்கிட்டேருந்து வருதுன்னு முடிச்சுப் போட்டு, மத்ததிலிருந்து பிரிச்சு எடுக்குது. இரைச்சலுக்கு அப்படி ஒரு ஒழுங்கு கிடையாது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜாஷ் மெக்டெர்மாட் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதிச்சது. அதே சுரங்களை, அதே பேச்சை, மேல்சுரங்களை மட்டும் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் கலைச்சுவிட்டா, இரைச்சலுக்கு நடுவில் அதைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாகுது. மடங்கு சரியா இருந்தா எளிதா கேட்குது.

கண்டக்டர் உயிரெழுத்தை இழுக்கிற ரகசியம் இப்போ புரியுதா? ஈ, ஆ, ஓ எல்லாம் தொண்டையிலிருந்து வர்ற இசைவுத் தொடர். க், ச், ட் எல்லாம் கண நேரச் சத்தம், இரைச்சலோடு கலந்து காணாமப் போயிடும். தூரத்துல இருப்பவரைக் கூப்பிடும்போது அண்ணாஆஆன்னு நாம இழுக்கிறதும் இதுக்குத்தான்.

நான் இதைத் தேடிப் போன உண்மையான காரணத்தை இப்போ சொல்லிடறேன். ப்ராஜெக்ட்டுக்காக இல்ல. எங்கப்பாவுக்காக.

அப்பா சிப்காட்ல ஒரு பிரஸ் ஷாப்ல இருபத்தாறு வருஷம். கம்பெனி பேர் வேண்டாம். இரும்புத் தகட்டை அடிச்சு பார்ட் எடுக்கும் மெஷின்கள், வரிசையா பன்னிரண்டு. செகண்ட் இயர் லீவுல நான் அங்கே பதினஞ்சு நாள் ட்ரெய்னிங் போனேன், முதல் நாளே தலை வலிச்சது. அப்பா டீ குடிச்சிட்டே திரும்பாம கையைக் காட்டுவார்: ஏழாம் நம்பர்ல கியர் போகப் போகுதுன்னு. சரியா இருக்கும். கியர் பல் ஒரே சீராச் சுத்துறதால அதுவும் ஒரு சுரம், அதுக்கும் மடங்குகள் உண்டு. பன்னிரண்டு மெஷின் இரைச்சலுக்குள்ளே அந்தச் சுரம் கொஞ்சம் மாறினதை அவர் காது பிடிச்சிருக்கு. எனக்கு ஒண்ணுமே கேட்கல.

எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் தொழிற்சாலை விதியில் வரம்பு. காதடைப்பான் ஆடிட் வர்ற அன்னிக்கு மட்டும் கைக்கு வரும். இன்னிக்கு அதே அப்பா வீட்டு ஹால்ல, ஃபேன் நின்னுட்டா, நான் மெதுவா பேசினாலும் பதில் சொல்வார். கல்யாண மண்டபத்துல பக்கத்துல உட்கார்ந்து பேசினா தலையை மட்டும் ஆட்டுவார். முதல்ல நாங்க அதைக் கவனக்குறைவுன்னு நினைச்சோம். அம்மா கோவிச்சுக்கிட்டாங்க, நானும்தான். இரைச்சல் முதல்ல சாகடிக்கிறது வெளி வரிசை மயிர்ச்செல்களை. பக்கத்துப் பக்கத்து சுரங்களைத் துல்லியமா பிரிச்சுக் கொடுக்கிறது அவைதான். போனா திரும்ப முளைக்காது. சத்தம் உள்ளே வருது, ஆனா மடங்குகள் ஒண்ணோடொண்ணு குழம்பி, மூளைக்கு முடிச்சுப் போட நூல் கிடைக்கல. நீங்களும் கோர் கம்பெனியில் ப்ளேஸ் ஆகி ஷாப் ஃப்ளோர் போனா, காதடைப்பானைச் சொந்தக் காசிலாவது வாங்கிக்கோங்க. நூறு ரூபாய் கூட ஆகாது.

ராமன் கதைக்குத் திரும்புறேன். பெங்களூர் அவருக்குச் சுகமா அமையல. நிர்வாகத்தோடு சண்டை, 1937-ல் இயக்குநர் பதவியை விட்டார், பேராசிரியரா மட்டும் தொடர்ந்தார். எளிதாப் பழகக்கூடிய மனிதர் இல்ல, அவரைப் பிடிச்சவங்களே அதை ஒத்துக்குவாங்க. ஆனா அந்தச் சண்டைக் காலத்துலதான் நாகேந்திர நாத்தோடு சேர்ந்து, மீயொலி அலை வழியா ஒளி போகும்போது எப்படிச் சிதறுதுன்னு கணக்குப் போட்டார். ஒலியும் ஒளியும் அவர் கையில் ஒரே இடத்துல வந்து நின்னது அப்போதான். 1948-ல் ஓய்வு. உடனே பக்கத்துலேயே சொந்தமா ராமன் ஆராய்ச்சிக் கழகம். 1954-ல் பாரத ரத்னா. கடைசி வருஷங்கள்ல ரோஜாத் தோட்டம், பூக்களின் நிறம், கண் எப்படி நிறத்தைப் பார்க்குதுங்கிற ஆராய்ச்சி. காதில் தொடங்கினவர் கண்ணில் முடிச்சார். 1970 நவம்பர் 21-ஆம் தேதி காலமானார். அவர் விருப்பப்படி அந்தக் கழகத் தோட்டத்துலேயே தகனம். நினைவு மண்டபம் எதுவும் இல்ல, அந்த இடத்துல ஒரு மரம் வெச்சிருக்காங்க.

மேளக் கட்டுரை நெட்ல இலவசமாவே கிடைக்குது, பத்தே பக்கம். போன ஞாயித்துக்கிழமை அதை அப்பாகிட்ட காட்டினேன். மணல் படங்கள் இருக்கிற பக்கத்துல ரொம்ப நேரம் நின்னார். வைப்ரேஷன் வந்தா பெட் மேல கிடக்கிற இரும்புத் தூளும் இப்படித்தான் கோடு கட்டும்னார். நான் டிவியை அணைச்சேன், ஃபேனை நிறுத்தினேன், வலது பக்கமா வந்து உட்கார்ந்தேன். அவருக்கு வலது காது கொஞ்சம் பரவாயில்ல. முதல் பக்கத்திலிருந்து தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சேன்.